ஓடாத ஆற்றில் ஒரு கல்யாண மாலை

1

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய தோட்டத்தை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஊர் என்று நான் சொல்வது இங்கிலாந்தில் நாங்கள் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கும் சின்ன டவுனை. நான் பிறந்த விக்கிரமங்கலத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள், தோட்டம் என்றதும் கத்திரிச் செடியையும் மோட்டார் கொட்டகையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தோட்டத்தில் காய் கிடையாது. பூ என்று சொல்லவும் பெரிதாக ஒன்றும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் புல். அங்கங்கே மரம். நடுவே வளைந்து போகும் தண்ணீர், அதன் மேல் ஒரு வெள்ளைப் பாலம். மேட்டில் தூண் வைத்துக் கட்டிய ஒரு கல் கோயில் இருக்கிறது. உள்ளே சாமி இல்லை. இதையெல்லாம் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும்.

பார்த்தால் எல்லாம் தானாக முளைத்தது போல இருக்கும். ஒன்றுகூடத் தானாக வந்தது இல்லை. அந்தக் காலத்தில் இங்கே ஒரு பெரிய நிலக்காரர் இருந்திருக்கிறார். தன் மாளிகை ஜன்னலைத் திறந்தால் எதிரே குடியானவர்களின் வீடுகள் தெரிகின்றன, கண்ணை உறுத்துகிறது என்று, ஒரு கிராமத்தையே பெயர்த்து மேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாராம். இதை யாரும் மறைக்கவில்லை. நுழைகிற இடத்திலேயே போர்டு வைத்துப் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நம் அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கிறேன் என்று எத்தனை பேருடைய கொல்லை பள்ளமாகப் போயிற்று. ஆனாலும் தோண்டினவர்கள் அந்தப் பள்ளத்தைப் படம் பிடித்துக் காலண்டர் போட்டு விற்கவில்லை. அந்த மட்டுக்கும் அவர்கள் தேவலை.

பிடிக்காத இடத்தைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். நேற்று ஆடிப் பதினெட்டு. என் மகள் கயலின் கல்யாண மாலையை ஆற்றில் விட வேண்டிய நாள். அந்தத் தோட்டத்தில்தான் அது நடந்தது, அல்லது நடக்காமல் போனது.

2

கயல் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை பார்க்கிறேன், அவள் அப்பா பஸ் ஓட்டுகிறார். நாங்கள் இரண்டு பேரும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்ததில் அவள் தமிழ் எங்கே நின்றது என்று கவனிக்கவில்லை. புரியும். பதில் மட்டும் பாதி ஆங்கிலத்தில் வரும். படித்து முடித்ததும் அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், இது இப்படிச் செய்தது, அது அப்படிச் செய்தது என்று சொல்லிக் காட்டும் வேலை. அங்கேயே புல்வெட்டுகிற டாமைக் கண்டுபிடித்தாள். டாமின் அம்மா ஹெலன், ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் வாங்காமல் அதே தோட்டத்தில் வழிகாட்டியாக நிற்கிறவர். ஆக மொத்தம் என் சம்பந்தி வீடே அந்தப் புல்லுக்குள்தான் இருக்கிறது.

ஜெயங்கொண்டத்தில் மண்டபம் பிடித்து நாலு பேர் கூடிச் செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டாள். சரி, என் அக்கா வசந்தாவாவது இங்கே வரட்டும் என்று விசாவுக்குப் போட்டோம். மறுத்துவிட்டார்கள். வந்தவர் திரும்பிப் போவார் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்று கடிதம் வந்தது. அக்காவிடம் படித்துச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

"ரெண்டு கறவ மாட்ட வுட்டுட்டு நான் அங்க வந்து எவன் வூட்டுல உக்காரப் போறேனாம்? அவனுவள ஒரு நா இங்க வந்து சாணி அள்ளச் சொல்லு, தெரியும்."

சிரித்தாளே தவிர, போனை வைக்கும்போது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

கல்யாணம் வைகாசியில், அந்தச் சாமி இல்லாத கோயிலில் நடந்தது. அட்சதை போடக் கூடாது, அரிசி சிந்தினால் எலி வரும் என்றார்கள். அதற்குப் பதில் ஏதோ காய்ந்த ஊதாப் பூவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அரிசி இல்லாத ஆசீர்வாதத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. தாலி கட்டி முடிந்ததும் இரண்டு பேரும் என் காலில் விழுந்தார்கள். டாமுக்கு முழங்கால் முழுக்கப் பச்சைக் கறை. நான் குனிந்து தலையைத் தொட்டேன். நல்லா இருங்க என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. என் மனம் முழுக்க அக்காவின் காலி நாற்காலிதான் இருந்தது. எழுந்திருங்க என்று மட்டும் சொன்னேன்.

வாழ்த்து வராமல் போனது டாமுக்குத் தெரியவில்லை. கயல் உடனே எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிடம் குனிந்தபடியே காத்திருந்தாள், பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

3

கல்யாண மாலையை நம் பக்கம் யாரும் தூக்கிப் போடுவதில்லை. காய வைத்துப் பத்திரமாக மாட்டி வைத்து, முதல் ஆடிப் பதினெட்டுக்குக் கொள்ளிடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ஓடுகிற தண்ணீர் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இது கொள்ளிடக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லாத விஷயம். ஹெலனுக்கு நான் இதை ஐந்தாறு தடவை விளக்கியிருப்பேன்.

அந்த இரண்டு மாலைகளும் லண்டனில் நம் ஆட்கள் கடையில் சொல்லிக் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவை. எங்கள் கராஜில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஹெலன் ஒரு நாள் டீ குடிக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மூக்கைச் சுளிக்கவில்லை, அவர் நல்ல வளர்ப்பு. "பாவம், பூஞ்சை பிடித்துவிட்டதே. என்னிடம் கொடு செல்வி, நான் எருக்குழியில் போட்டுவிடுகிறேன். ரோஜாவுக்கு நல்லது" என்றார். கல்யாண மாலையை எருக்குழியில் போடுவது என்பது எனக்கு எப்படிப்பட்ட பேச்சு என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், நோ, நோ, நோ என்று மட்டும் சொன்னேன். அவர் தான் ஏதோ உதவி செய்ய வந்ததை நான் தடுத்ததாக நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

இந்த அம்மாவுக்கும் எனக்கும் ஆரம்பத்தில் இருந்தே இப்படித்தான். முதல் முறை அவர் வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பும்போது, போயிட்டு வரேன் என்று நாம் சொல்கிற பழக்கத்தில், ஐ வில் கம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்ப வருவேன் என்று மேஜையில் எனக்கும் ஒரு தட்டு வைத்துக் காத்திருந்தாராம். இன்றைக்கும் விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதையைச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

மாலை விஷயத்தில் கயல் நான் சொன்னதை ஒத்துக்கொண்டாள். அதுவே ஆச்சரியம். எங்கே விடுவது என்ற கேள்வி வந்தபோது, "நம்ம தோட்டத்து ரிவர்லயே விடலாம்மா. கல்யாணம் நடந்த இடம்தானே" என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அந்தத் தண்ணீரை பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மரத்துக்குள்ளே இருந்து வளைந்து வரும், பாலத்துக்கு அடியில் நுழைந்து, மறு பக்கம் மரத்துக்குள் போய்விடும். வரைபடத்திலும் ஆறு என்றுதான் போட்டிருக்கிறார்கள். அக்காவிடம்கூட, எங்களுக்கும் பக்கத்தில் ஒரு ஆறு இருக்கு என்று பல தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

முறைப்படி அனுமதி கேட்டுக் கயல் தன் ஆபீசுக்கே எழுதினாள். பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. உங்கள் பாரம்பரியத்தை மிகவும் மதிக்கிறோம் என்று தொடங்கி, துரதிருஷ்டவசமாக என்று மூன்று இடத்தில் போட்டு, தண்ணீரில் எதையும் போட அனுமதி இல்லை என்று முடித்திருந்தார்கள். டாம், "காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றான். நல்ல நாள் அதுவுமாகத் திருடர் மாதிரிப் போக வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான்.

4

நேற்று விடிந்ததும் அக்கா போன் செய்தாள். "மாலைய எடுத்துக்கிட்டியா? மஞ்ச கயிறு, காப்பரிசி எல்லாம் வச்சுக்க. நேரத்தோட போயி வுட்டுட்டு வந்துரு." ஆற்றைக் காட்டு அக்கா என்று வீடியோவைப் போடச் சொன்னேன். "நாங்க இன்னும் கெளம்பவே இல்லடி" என்று வைத்துவிட்டாள். அவள் பின்னால் மைக் செட் சத்தம் கேட்டது. கிளம்பாதவள் வீட்டுக்குப் பின்னால் மைக் செட் எங்கிருந்து வரும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கயலின் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி. நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். நான் பட்டுப் புடவை. கயல் ஜீன்ஸ், நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு. டாம் மாலைகளைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். பாலத்துக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்து, வெல்லம் கலந்த காப்பரிசி தூவி, இரண்டு மாலைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கயலும் டாமும் சேர்ந்து தண்ணீரில் விட்டார்கள்.

மாலை போகவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது.

டாம் கையால் தண்ணீரைத் தள்ளிவிட்டான். கொஞ்சம் நகர்ந்தது, காற்று வந்து திரும்பக் கரைக்கே கொண்டுவந்து சேர்த்தது. எங்கிருந்தோ வாத்துகள் வந்து காப்பரிசியைத் தின்றுவிட்டு மாலையைக் கொத்த ஆரம்பித்தன. மாலை போகாமல் திரும்பி வருவதை நான் பார்த்ததில்லை, யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை.

"என்ன கயல், ஓட மாட்டேங்குதே?"

அவள் டாமைப் பார்த்தாள். டாம் சிரித்துக்கொண்டே விளக்க ஆரம்பித்தான், அவனுக்கு அதில் பெருமைகூட. இது ஆறு இல்லையாம். வெட்டி நிரப்பிய ஏரியாம். இரண்டு முனையும் தெரிந்தால் ஏரி என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, முனைகளை வளைத்து மரம் வைத்து மறைத்திருக்கிறார்களாம். பார்க்கிறவர்கள் ஆறு என்று நினைக்க வேண்டும், அதுதான் கெட்டிக்காரத்தனமாம். பாலமும் சும்மாவாம், அதற்கு அந்தப் பக்கம் போக வழியே கிடையாது.

நம் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கமும் ஒரு ராஜா ஏரி வெட்டினார். பெருமைக்குத்தான் வெட்டினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மதகு வைத்தார், மதகுக்குக் கீழே வயல் இருந்தது. இந்தத் தண்ணீர் ஒரு குழி நிலத்துக்குக்கூடப் பாயவில்லை. ஜன்னலில் நின்று பார்ப்பதற்காக மட்டும் தேங்கிக் கிடக்கிறது.

"ஒனக்கு இது தெரியுமா?" என்று கயலைக் கேட்டேன்.

"தெரியும். தண்ணிதானேம்மா. எதுல விட்டா என்ன?"

அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் அடையாள அட்டையோடு ஹெலன் வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவர் முறை. மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்ப மன்னிச்சுக்கோ செல்வி. இதை வெளியே எடுக்கணும். நூல் வாத்துக் காலில் சிக்கிக்கொள்ளும்" என்றார். குரலில் அத்தனை இனிப்பு. சொன்னதோடு நிற்காமல், "எருக்குழி யோசனை நல்ல யோசனைதான்" என்றார்.

டாம் குனிந்து மாலைகளை எடுத்தான். தண்ணீர் சொட்டச் சொட்டப் பைக்குள் போனது. விட்ட மாலையைத் திரும்ப எடுப்பதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஹெலனிடம் கத்த எனக்கு ஆங்கிலம் போதாது. அதனால் என் மகளிடம் கத்தினேன்.

"தெரிஞ்சே கூட்டியாந்திருக்க. சாமி இல்லாத கோயில்ல கல்யாணம், ஓடாத தண்ணியில மாலை. இந்தக் கல்யாணமும் இப்புடித்தான் தேங்கி நிக்கும், பாத்துக்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஆடிப் பதினெட்டு, புடவை கட்டிக்கொண்டு வந்து, பெற்றவள் சொல்கிற பேச்சா இது. டாம் கயலிடம், "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். "ஒண்ணுமில்லை" என்றாள். டாம் தோளில் இருந்த பையை வாங்கிக்கொண்டு புல்லின் மேல் விடுவிடுவென்று நடக்கத் தொடங்கினாள்.

5

நானும் பின்னால் போனேன். எதிரே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேலி எதுவும் தெரியவில்லை, ஒரே புல்தான். வேகமாகப் போன நான், டாம் பின்னால் இருந்து அலறியதும் சட்டென்று நின்றேன். காலுக்கு முன்னால் பூமி அறுந்து கிடந்தது. ஆள் உயரத்துக்குப் பள்ளம், உள்ளே கல் சுவர். மாளிகைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்தப் பள்ளமே தெரியாது. ஆடு மாடு உள்ளே வரவும் கூடாது, வேலி கண்ணில் படவும் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

எனக்கு இந்த நாட்டில் இருபது வருடமாக நடந்தது இதுதான் என்று தோன்றியது. முகத்துக்கு நேரே யாரும் வேலி போட்டதில்லை. வாங்க வாங்க என்பார்கள். துரதிருஷ்டவசமாக என்று ஒரு வார்த்தை வரும், கீழே பார்த்தால் பள்ளம் இருக்கும்.

கயல் பக்கவாட்டில் இருந்த படி வழியாக இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிட்டிருந்தாள். என் புடவையைப் பார்த்ததும் திரும்பி வந்து கையை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் கொடுத்தாள்.

"எங்க போற?" என்றேன்.

"உனக்கு ஓடுற தண்ணிதானே வேணும்? வா."

மரங்களின் அடர்த்தியைத் தாண்டினால் ஒரு பழைய மதில், அதில் துருப்பிடித்த கேட். அதைத் தாண்டினால் சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம். அதன் ஓரத்தில் காஞ்சொறி மாதிரி அரிக்கும் செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. அதை விலக்கிக்கொண்டு இறங்கினால் ஆறு.

வாய்க்கால் அகலம்தான். கலங்கல் தண்ணீர், சாக்கடை வாடை லேசாக. கடைத் தள்ளுவண்டி ஒன்று குப்புறக் கிடந்தது. ஆனால் ஓடியது. சலசலவென்று, யாரையும் சட்டை செய்யாமல் ஓடியது. அந்தத் தோட்டத்து ஏரிக்கே தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது என்று டாம் சொன்னான். மேலே ஓர் இடத்தில் செங்கல் குழாய் வைத்து நிலத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகிறார்களாம். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் மாவு மில்லும் சாயப்பட்டறையும் ஏழைகள் குடியிருப்பும் இருந்தனவாம். அது தெரியக் கூடாது என்றுதான் இத்தனை மரங்களை வளர்த்தார்களாம். தண்ணீர் வேண்டும், ஆறு வேண்டாம். இதைச் சொன்னபோது டாமின் குரலில் பெருமை இல்லை. தோட்டத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் இந்தக் கரைக்கு அவன் வந்தது இதுதான் இரண்டாம் தடவையாம்.

இரண்டு பேரும் மாலைகளை விட்டார்கள். விட்டதும் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போயிற்று. நான் கையெடுத்துக் கும்பிடுவதற்குள் அந்தத் தள்ளுவண்டியில் போய் மாட்டிக்கொண்டது. டாம் ஒரு குச்சியை ஒடித்தான்.

"குச்சியால தள்ளாத!" என்று கத்தினாள் கயல், தமிழில். டாம் புரியாமல் நின்றான்.

ஷூவைக்கூடக் கழற்றாமல் அவள் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வரை இருந்தது. வண்டிக் கம்பியில் இருந்து மாலை நூலை இழை இழையாக விடுவித்து, இரண்டு மாலைகளையும் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். நடு ஆற்றுக்குப் போய் மெதுவாக விட்டாள். வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். இதில் நம்பிக்கை இல்லாத பெண் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள்.

அப்போது அக்காவின் போன் வந்தது. இந்தத் தடவை வீடியோவைப் போட்டிருந்தாள். பின்னால் கொள்ளிடம், இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் வெறும் மணல். ஆற்றுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாயில் ஓட்டை போட்டு ஷவர் மாதிரித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். மைக் செட் பாடிக்கொண்டிருந்தது.

"காலையிலயே இங்கதான்டி இருந்தேன். ஒங்கிட்ட எப்புடிச் சொல்றது? முக்கொம்பு அணையில தண்ணி தொறக்கல. போர் தண்ணிய குழாயில வுட்டு ஆடிப் பெருக்குன்னு கொண்டாடச் சொல்றானுவ. மணல அள்ளித் தின்னவன்லாம் மைக்குல வாழ்த்துச் சொல்றான். புதுசா வந்த எம் மருமவ மாலைய மணல்லதான் வச்சுட்டு நிக்கிறோம்." பிறகு, "ஒன் ஆத்தக் காட்டு" என்றாள்.

போனைத் திருப்பிக் காட்டினேன். தள்ளுவண்டி தெரியாத மாதிரிக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி மறைக்கத்தான் அந்த நிலக்காரர் மரம் நட்டார். அப்படியே காட்டினேன்.

"ஓடுதுடி!" என்றாள் அக்கா. போனுக்குள்ளேயே கும்பிட்டாள். தண்ணீரில் நின்ற கயலையும், கரையில் நின்ற டாமையும் பார்த்துவிட்டு, "கண்ணுவளா, நல்லா இருங்க. ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றாள். எவ்வளவு சுலபமாக அவளுக்கு வந்தது. விசா கொடுக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டவளுக்கு வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கு வரவில்லை.

போனை வைத்தேன். கயல் தண்ணீரில் இருந்து ஏறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா சொல்லிட்டாங்க" என்றாள். "நீ?"

செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். குளிர் எலும்பில் ஏறியது. டாமையும் கூப்பிட்டேன். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி இரண்டு பேர் தலையிலும் தெளித்தேன். யாரும் சொல்லாமலே அவன் குனிந்தான், தேவைக்கு மேலேயே குனிந்தான்.

"நல்லா இருங்க" என்றேன். மறுபடியும் சொன்னேன்.

கயல் ஈரத்தைத் துடைக்கவில்லை.

"அங்க ஒண்ணு சொன்னியேம்மா. அது?"

"அது அந்தத் தோட்டத்துத் தண்ணியிலயே கெடக்கட்டும்" என்றேன். "அங்கேருந்து எதுவும் எங்கயும் போவாது."